தோட்டத்துச் சாலையில் மின்சாரக் கார்: எங்கே சார்ஜ் ஏற்றுவது?

நம் தோட்டங்களுக்கு மின்சாரம் எப்போது வந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். ஆண்டைச் சொல்ல மாட்டார்கள். “ராத்திரி பத்து மணிக்கெல்லாம் அணைஞ்சிடும்” என்றுதான் தொடங்குவார்கள். விடியற்காலையில் பெரட்டுக்கு முன் கொஞ்ச நேரம், பொழுது சாய்ந்ததும் மூன்று நான்கு மணி நேரம். தோட்ட நிர்வாகத்தின் டீசல் ஜெனரேட்டர் ஓடும் வரைதான் லயத்தில் வெளிச்சம். தொலைக்காட்சியில் தமிழ்ப்படத்தின் கடைசிக் கட்டத்தைப் பார்க்காமலேயே ஒரு தலைமுறை வளர்ந்தது. அந்தப் படங்களின் முடிவை மறுநாள் பள்ளிப் பேருந்தில் யாராவது இட்டுக்கட்டிச் சொல்வார்கள். நாங்களும் நம்புவோம்.

இத்தனைக்கும் நாட்டில் மின்சாரம் இல்லாமல் இல்லை. மத்திய மின்சார வாரியம் 1949-இல் அமைக்கப்பட்டது. 1965-இல் அது லெம்பாகா லெட்ரிக் நெகாரா ஆனது. 1990-இல் தெனாகா நேஷனல் ஆனது. உயர் அழுத்தக் கம்பிகள் நம் செம்பனைக் காட்டின் தலைக்கு மேலேயேதான் போயின. ஆனால் தோட்டம் என்பது தனியார் நிலம். புறநகர் மேம்பாடு என்று அரசாங்கம் திட்டம் தீட்டும்போது கம்பம் கணக்கில் வரும், குடியேற்றத் திட்டங்கள் கணக்கில் வரும். தோட்டம் மட்டும் ‘அது முதலாளியின் பொறுப்பு’ என்று ஒதுங்கிவிடும். தொழிலாளர் குடியிருப்புக்குத் தண்ணீரும் மின்சாரமும் தரவேண்டும் என்று முதலாளிக்குக் கடமை விதித்த 446-ஆம் சட்டம் 1990-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நாடு விடுதலை பெற்று முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து!

பழங்கதை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. அதே கதையின் அடுத்த பாகம் இப்போது நம் கண்முன் ஓடிக்கொண்டிருக்கிறது. கடந்த இரண்டாண்டுகளாக நான் மின்சாரக் கார் ஓட்டுகிறேன். வேலை ஜொகூர் பாருவில். பிறந்த ஊர் நெகிரி செம்பிலானில், பகாவ் வட்டாரத் தோட்டம் ஒன்று. இந்த இரண்டுக்கும் இடையே ஓடியதில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இவ்வாண்டு மலருக்கு எழுதித் தருகிறேன். இலக்கியக் கட்டுரை எதிர்பார்த்தவர்கள் பொறுத்தருள வேண்டும்.

முதலில் ஒரு சொல் விவகாரம். தமிழ் மலரில் எழுதுகிறேனே என்று ‘மின்னூட்டு நிலையம்’ என்றே எழுதலாம் என எண்ணினேன். நல்ல சொல்தான். ஆனால் வழியில் நின்று யாரிடமாவது “ஐயா, பக்கத்தில் மின்னூட்டு நிலையம் உண்டா?” என்று கேட்டால் நம்மை மேலும் கீழும் பார்ப்பார்கள். “அண்ணே, கார் சார்ஜ் போடுற இடம் இங்க எங்க இருக்கு?” என்றால் கை நீட்டிக் காட்டுவார்கள். எனவே இரண்டையும் கலந்தே எழுதுகிறேன். சொல் எதுவானாலும் முனையில் மின்சாரம் வரவேண்டும். என் கவலை அது.

இனி விவரத்துக்கு வருவோம். மின்சாரக் கார் வைத்திராத மாணவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம் தேவைப்படும். சார்ஜ் ஏற்றும் கருவிகள் இரண்டு வகை. ஏசி வகை மெதுவானது. பெரும்பாலும் 7 அல்லது 11 கிலோவாட், அதிகம் போனால் 22. டிசி வகை வேகமானது. 50, 60 கிலோவாட்டில் தொடங்கி 180-ஐயும் தாண்டும். என் காரின் பேட்டரி 60 கிலோவாட் மணி. 7 கிலோவாட் ஏசியில் காலியிலிருந்து நிரம்ப எட்டொன்பது மணி நேரம் பிடிக்கும். வேகமான டிசியில் அரை மணி, முக்கால் மணியில் 80 விழுக்காட்டைத் தொட்டுவிடும். அதற்கு மேல் பேட்டரியே தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும்; கடைசி இருபது விழுக்காட்டுக்காக அங்கேயே உட்கார்ந்திருப்பது வீண். சாதாரண மூன்று முள் பிளக்கில் ஏற்றினால் மணிக்கு இரண்டு கிலோவாட்டுக்கு மேல் கொஞ்சம்தான் ஏறும். ஒரு நாளுக்கு மேல் ஆகும்.

அரசாங்கம் 2021-இல் வெளியிட்ட குறைந்த கரிமப் போக்குவரத்துத் திட்டவரைவு, 2025-க்குள் நாடு முழுதும் 10,000 பொது மின்னூட்டு முனைகள் என்று இலக்கு வைத்தது. அதில் 9,000 ஏசி, 1,000 டிசி. 2025 மார்ச் இறுதியில் மொத்தம் 4,000-ஐச் சற்றே தாண்டியிருந்தது. ஆண்டு முடிந்தும் இலக்கு கைக்கு எட்டவில்லை. இதில் கவனிக்க வேண்டிய ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. வேகமான டிசியில் வைத்த 1,000 என்ற எண்ணிக்கை எட்டப்பட்டுவிட்டது. பற்றாக்குறை முழுவதும் மெதுவான, மலிவான ஏசி வகையில்தான். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

பிளான்மலேசியா நடத்தும் மெவ்நெட் வரைபடத்தையோ, சார்ஜ் நிறுவனங்களின் செயலிகளையோ திறந்து நெகிரி செம்பிலானைப் பாருங்கள். புள்ளிகள் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டு வருகின்றன. நீலாய், சிரம்பான், செனாவாங். பிறகு கடற்கரையில் விடுதிகள் நிறைந்த போர்ட்டிக்சன். நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பி, கோலாப்பிலா, ஜெம்போல், பகாவ், கிம்மாஸ், ஜெலுபு என்று உள்ளே போகப் போகப் புள்ளிகள் மெலிந்து போகின்றன. நம் சனம் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஜெராம் பாடாங், ரீஜண்ட் போன்ற தோட்டங்கள் இந்த மெலிந்த பக்கத்தில்தான் இருக்கின்றன. மாநிலத்தின் 61 தமிழ்ப்பள்ளிகளில் எத்தனையோ பள்ளிகள் இன்றும் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அந்தப் பெயர்களைச் சாலைப் பலகையில் பார்க்கலாம். சார்ஜ் வரைபடத்தில் பார்க்க முடியாது.

“கோலாலம்பூரிலிருந்து பகாவ் நூற்று இருபது, முப்பது கிலோமீட்டர்தானே, போய்வரப் பேட்டரி போதாதா?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். போதும். தரைவீடு இருந்து, வாசலில் சொந்த சார்ஜர் இருந்து, காலையில் முழு பேட்டரியோடு புறப்பட்டால் தாராளமாகப் போதும். திரும்பும் வழியில் புக்கிட் புத்தூஸ் இறக்கத்தில் பிரேக்கே தொடாமல் கொஞ்சம் மின்சாரம் திரும்பிக்கூட ஏறும். அந்த இறக்கத்தில் பேட்டரி எண் ஏறுவதைப் பார்ப்பதில் எனக்கு இன்னும் சிறுபிள்ளை மகிழ்ச்சி உண்டு.

ஆனால் நம்மில் எத்தனை பேர் அந்த நிலையில் இருக்கிறோம்? தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பெரும்பாலும் போய்ச் சேர்ந்தது மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கு. என்னுடையதும் அடுக்குமாடிதான். கார் நிற்கும் இடத்தில் சார்ஜர் பொருத்தக் கூட்டு நிர்வாகக் குழுவின் அனுமதி வேண்டும். கூட்டத்தில் எழுப்பினால், கடைசி மாடிக்கு மின்தூக்கி வேலை செய்யவில்லை, உனக்குச் சார்ஜரா என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே என் பேட்டரி எந்த நேரத்திலும் முழுமையாக இருக்கும் என்று சொல்ல முடியாது. 50 இருக்கும், 60 இருக்கும். ஊரிலிருந்து வரும் அவசரச் செய்தி பேட்டரி நிரம்பும் வரை காத்திருக்குமா?

சென்ற ஆண்டு அத்தை தவறிப்போனார். இரவு எட்டு மணிக்குச் செய்தி. காரில் 60 விழுக்காடு. யோங் பெங் வரை நெடுஞ்சாலை, பிறகு சிகாமட், கிம்மாஸ் வழியாகப் பகாவ். மொத்தம் சுமார் 240 கிலோமீட்டர். நெடுஞ்சாலை வேகத்தில் நூறு கிலோமீட்டருக்கு 18 கிலோவாட் மணி செலவாகும், உள் சாலையில் 15. கணக்குப் போட்டால் ஒரு முறை ஏற்றாமல் போய்ச் சேர முடியாது. ஓய்விடத்து நிலையத்தில் எனக்கு முன் இரண்டு கார்கள். துக்க வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்னதும் ஒரு சீனப் பெரியவர் தன் முறையை எனக்கு விட்டுக்கொடுத்தார். பின்னால் காத்திருந்தவர்களை நினைத்து 55 விழுக்காட்டில் கழற்றிவிட்டுப் புறப்பட்டேன். மீதியை உள்ளே ஒரு பட்டணத்தில் ஏற்றிக்கொள்ளலாம் என்பது திட்டம். செயலியில் அந்த நிலையம் ‘தயார்’ என்று பச்சை காட்டியது.

போய்ப் பார்த்தால் திரை இருண்டு கிடக்கிறது. அவசர நிறுத்தப் பொத்தானை யாரோ அழுத்தியிருக்கிறார்களா என்று பார்த்தேன், இல்லை. ஒட்டியிருந்த எண்ணுக்கு அழைத்தேன். அலுவலக நேரத்தில் அழைக்கச் சொல்லி ஒரு பதிவுக்குரல் மூன்று மொழிகளில் கேட்டுக்கொண்டது. தமிழ் அதில் இல்லை என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. இரவு பத்தரை மணி. சுற்றிலும் கடைகள் அடைத்தாயிற்று. பக்கத்து ஒட்டுக்கடையை மூடிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்து, “அது செத்து ஒரு வாரம் ஆச்சு தம்பி” என்றார். பக்கத்துக் கடைக்காரருக்கு ஒரு வாரமாகத் தெரிந்த செய்தி செயலிக்குத் தெரியவில்லை!

22 விழுக்காட்டோடு வீடு போய்ச் சேர்ந்தேன். மாமாவுக்கு அந்தத் துக்கத்திலும் என் கார்மேல் கவலை. “இங்கயே சொருகிக்க மாப்ளே, கரண்டு பில்லு நான் பாத்துக்குறேன்” என்றார். அந்தப் பிளக்கின் ஓரம் கருகியிருந்தது. லயத்து வீடுகளின் பழைய ஒயரிங் இரண்டு விளக்கு, ஒரு காற்றாடி, பிற்பாடு ஒரு குளிர்பெட்டி, இவற்றுக்காக இழுக்கப்பட்டது. பத்து மணி நேரம் ஓயாமல் பத்து ஆம்பியர் இழுத்தால் ஒயர் சூடேறி, சாவு வீட்டில் தீயும் பிடிக்கும். வேண்டாம் மாமா என்றேன். பக்கத்துத் தாமானில் சித்தப்பா மகன் ஒயர்மேன். மறுநாள் அடக்கம் முடிந்த பிறகு அவன் வீட்டில் மெயின் பெட்டியிலிருந்து தனியாகக் கனமான ஒயர் இழுத்து ஒரு பிளக் போட்டுக் கொடுத்தான். இரவு முழுதும் ஏற்றியதில் 20 கிலோவாட் மணி சேர்ந்தது. திரும்பி நெடுஞ்சாலையைத் தொட அது போதுமானது.

இதைக் கேட்கும் பெட்ரோல் கார் நண்பர்கள், “அதான் சொன்னோமே” என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். புரோட்டான் 2024 டிசம்பரில் ஈ.மாஸ் 7-ஐயும், 2025 அக்டோபரில் அதைவிட மலிவான ஈ.மாஸ் 5-ஐயும் இறக்கிவிட்டது. பெரோடுவாவும் 2025 டிசம்பரில் தன் முதல் மின்சாரக் காரை வெளியிட்டது. நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் இன்னும் பத்தாண்டில் நம் வீட்டுப் பிள்ளைகள் வாங்கும் பழைய கார்கள் இவையாகத்தான் இருக்கும். பழைய மின்சாரக் கார் என்றால் என்ன? பேட்டரி தேய்ந்து, ஓடும் தூரம் குறைந்த கார். வசதி குறைந்தவனுக்குத்தான் சார்ஜ் நிலையம் அதிகம் தேவைப்படும். நிலையமோ வசதி மிகுந்தவன் வசிக்கும் பக்கத்தில் இருக்கிறது.

செலவுக் கணக்கும் அதே பக்கம்தான் சாய்கிறது. 2025 செப்டம்பர் இறுதியில் பூடி95 தொடங்கியபோது குடிமக்களுக்கு ரோன்95 லிட்டர் 1 ரிங்கிட் 99 சென். நூறு கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும் காருக்கு 14 ரிங்கிட். வீட்டில் யூனிட் 45 சென் என்று வைத்தால், 15 யூனிட் தின்னும் மின்சாரக் காருக்கு 7 ரிங்கிட்கூட ஆகாது. சரிபாதி. ஆனால் பொது டிசி நிலையத்தில் யூனிட் 1 ரிங்கிட் 50 சென் என்றால் 22 ரிங்கிட் 50 சென் ஆகிவிடுகிறது. வாசல் உள்ளவனுக்கு மிச்சம். வாசல் இல்லாதவனுக்கு நட்டம். மின்சாரக் கார் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த வேறுபாட்டைப் பேசி நான் கேட்டதில்லை.

சரி, கருவிகள் ஏன் இப்படிச் செத்துக் கிடக்கின்றன? நான் மின்பொறியியல் படித்தவன். உள்ளே இருக்கும் மின்னணு எளிதில் கெடுவதில்லை என்று சொல்வேன். கெடுவது சுற்றியுள்ளவைதான். முனையை வண்டிகள் ஏற்றி நசுக்குகின்றன. செம்புக்காகக் கேபிளை வெட்டிக்கொண்டு போகிறார்கள். இந்நாட்டிலும் அப்படிப்பட்ட திருட்டுகள் செய்தியாகியுள்ளன. இடியில் மின்காப்பு விழுந்துவிடுகிறது, அதைத் தூக்கிவிட ஆள் வருவதற்குள் மூன்று நாள். எல்லாவற்றையும்விட முக்கியம், தொடர்பு. பெரும்பாலான கருவிகள் கைத்தொலைபேசிச் செயலி வழியாகத்தான் உயிர் பெறுகின்றன. நம் தொலைபேசிக்கும் அலைவரிசை வேண்டும், கருவிக்கும் வேண்டும். செம்பனை சூழ்ந்த பள்ளத்தாக்குகளில் அலைவரிசை எப்படி இருக்கும் என்று தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கருவிக்குள் மின்சாரம் இருந்தும், பணம் கட்ட வழியில்லாமல் நிற்க வேண்டி வரும்.

நம் நாட்டின் நோய் மட்டும்தானா இது? கலிபோர்னியாவில், மின்சாரக் கார்களின் தலைநகர் எனத்தக்க சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில், 2022-இல் ஆய்வாளர்கள் 657 வேக முனைகளை நேரில் போய்ச் சோதித்தார்கள். ஒழுங்காக வேலை செய்தவை 72.5 விழுக்காடு. நிறுவனங்கள் சொல்லிக்கொண்டிருந்ததோ 95 முதல் 98 வரை. அங்கேயே அப்படி என்றால் நம்மூர் ஒற்றை முனை நிலையத்தைப் பற்றி என்ன சொல்வது! நிறுவனத்தின் கணக்கும் நேரில் போய்ப் பார்த்தவன் கணக்கும் ஒத்துப்போகவில்லை என்பது எனக்கு அந்த ஆய்வில் பெரிதாகப்பட்டது.

மற்ற நாடுகள் இதைச் சட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டன. பிரிட்டனின் 2023-ஆம் ஆண்டு விதிகள், 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள வேக நிலையங்கள் ஆண்டுச் சராசரியில் 99 விழுக்காடு நேரம் வேலை செய்ய வேண்டும் என்கின்றன. செயலி இல்லாமல் வங்கி அட்டையைத் தொட்டே பணம் கட்ட வசதி வேண்டும், இருபத்து நான்கு மணி நேர இலவச உதவித் தொலைபேசி வேண்டும். அமெரிக்கா மத்திய நிதி பெறும் நிலையங்களுக்கு 97 விழுக்காடு என்று 2023-இல் விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் முதன்மைச் சாலைகளில் 60 கிலோமீட்டருக்கு ஒரு வேக நிலையம் என்று சட்டமே இயற்றியது. இந்திய மின்துறையின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் நெடுஞ்சாலையின் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒன்று என்றன. எல்லாம் அப்படியே நடந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எத்தனை முனை என்று எண்ணுவதோடு நில்லாமல், எத்தனை நேரம் வேலை செய்தது என்றும் எண்ணத் தொடங்கிவிட்டார்கள். நமக்கு 10,000 என்ற இலக்கு இருந்தது. அந்தப் பத்தாயிரத்தில் செத்த முனையும் ஒன்று என்றே எண்ணப்படும்.

என் கருத்தைப் பச்சையாகச் சொல்கிறேன். நெகிரி செம்பிலானுக்கு மேலும் நூறு முனைகளை நீலாயிலும் சிரம்பானிலும் கொட்டுவதில் எனக்கு ஆர்வமில்லை. கோலாப்பிலா, பகாவ், கிம்மாஸ், தம்பின் ஆகிய நான்கு பட்டணங்களிலும் இரண்டு முனைகளாவது கொண்ட வேக நிலையம் ஒன்று, எந்த நேரமும் வேலை செய்யும் நிலையில் இருந்தால் போதும். ஏன் இரண்டு? ஒற்றை முனை என்பது ஒற்றை மாட்டை நம்பி உழுவது போன்றது. உரிமம் வழங்கும் எரிசக்தி ஆணையம் நிறுவனங்களிடம் ஒரு நிபந்தனையாக இதை வைக்கலாம்: நெடுஞ்சாலையில் இலாபம் தரும் இடம் வேண்டுமா, உள்நாட்டுப் பட்டணத்தில் ஒன்றையும் எடுத்துக்கொண்டு பராமரி. இலாபம் தரும் தடத்தையும் தராத தடத்தையும் சேர்த்துப் பேருந்து நிறுவனத்துக்குக் கொடுப்பதுபோல.

கூடவே வெளிச்சம். வணிக வளாகத்தின் பின்புறத்திலும், அடைத்த கடைவரிசையின் மூலையிலும் நிலையத்தை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இரவு பதினொரு மணிக்கு ஒரு பெண் தனியாக அங்கே நாற்பது நிமிடம் காத்திருக்க முடியுமா? என் வகுப்புத் தோழி ஒருத்தி இந்த ஒரே காரணத்தால் மின்சாரக் காரை விற்றுவிட்டாள். கழிவறை, விளக்கு, மனித நடமாட்டம் மூன்றும் இல்லாத நிலையத்தை நான் நிலையம் என்று ஒப்புக்கொள்வதில்லை.

இப்போது அந்த ஏசி விவகாரத்துக்கு வருகிறேன். வேக நிலையத்துக்குப் பெரிய மின் இணைப்பு வேண்டும், சில இடங்களில் தனித் துணைமின் நிலையமே வேண்டும். செலவு இலட்சக்கணக்கில் போகும். ஆனால் 7 கிலோவாட் ஏசிக்கு 32 ஆம்பியர் ஒற்றைக் கட்ட இணைப்பு போதும். இரண்டு குளிர்சாதனத்துடன் சுடுநீர்க் கருவியும் ஓடும் வீட்டுக்கு ஆகும் மின்சாரம்தான். தோட்டத்துக்கு வருகிறவன் யார்? கோயில் திருவிழாவுக்கு வருகிறான், கருமாதிக்கு வருகிறான், தீபாவளிக்கு வருகிறான். அரை நாள், ஒரு நாள் தங்குகிறான். அவனுக்கு வேகம் எதற்கு? காலையில் சொருகிவிட்டுத் தீமிதி பார்த்து, அன்னதானம் சாப்பிட்டு, நாலு சொந்தங்களைப் பார்த்துவிட்டு வந்தால் 200 கிலோமீட்டருக்கு மேல் ஏறியிருக்கும். கோயில் மண்டபத்தில், தமிழ்ப்பள்ளிக்கு வெளியே, தோட்டத்துச் சமூக மண்டபத்தில் இரண்டிரண்டு ஏசி முனைகள். யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக வசூலித்தால் கோயில் பராமரிப்புக்கு ஒரு சிறு வருமானமும் ஆயிற்று. ஆண்டுக்கு ஒரு முறை அன்பளிப்பு ரசீதோடு ஊரெல்லாம் சுற்றும் நிர்வாகக் குழுக்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

பல கோயில்கள் நிற்கும் நிலம் தோட்ட நிறுவனத்துக்குச் சொந்தம், ஒரு கம்பம் நடவும் அனுமதி வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் தோட்ட நிறுவனங்களையும் இந்தப் பேச்சுக்குள் இழுக்க வேண்டும் என்கிறேன். செம்பனை ஆலைக் கழிவுநீரில் எழும் மீத்தேன் வாயுவைப் பிடித்து மின்சாரம் எடுத்து, 2011-ஆம் ஆண்டுப் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டத்தின் வழியில் தேசிய மின்கட்டமைப்புக்கு விற்கும் ஆலைகள் இந்நாட்டில் உண்டு. தோட்ட நிலத்தில் சூரிய மின்தகடு விரிப்பதும் தொடங்கிவிட்டது. பசுமை அறிக்கை என்று வழுவழுப்பான தாளில் ஆண்டுதோறும் அச்சிடுகிறார்கள். மின்சாரம் உற்பத்தியாகும் தோட்டத்திலேயே, அங்கு மூன்று தலைமுறை உழைத்த குடும்பத்தின் பேரன் காருக்குச் சார்ஜ் ஏற்ற இடமில்லை. 446-ஆம் சட்டம் இயற்றிய காலத்தில் விளக்கும் காற்றாடியும் அடிப்படைத் தேவையாக இருந்தன. இன்று அந்தப் பட்டியலை மறுபடியும் எழுதச் சொல்லிக் கேட்பதில் தவறென்ன?

மாணவர்கள் செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது; இதற்காகத்தான் இந்த மலரில் எழுத ஒப்புக்கொண்டேன். ஒவ்வோர் ஆண்டும் தோட்டப்புறங்களுக்குச் சமூகச் சேவைப் பயணம் போகிறீர்கள். அடுத்த பயணத்தில் நாலு பேர் கொண்ட ஒரு குழுவை மட்டும் இதற்கு ஒதுக்குங்கள். நெகிரி செம்பிலானின் ஏழு மாவட்டங்களிலும் வரைபடம் காட்டும் பொது நிலையம் ஒவ்வொன்றுக்கும் நேரில் போங்கள். மின்சாரக் கார் இல்லையென்றால் என்னைக் கூப்பிடுங்கள், வார இறுதியில் ஓட்டிக்கொண்டு வருகிறேன். திரை எரிகிறதா, முனை சேதமில்லாமல் இருக்கிறதா, ஐந்து நிமிடம் உண்மையாகவே மின்சாரம் ஏறுகிறதா, எழுதியிருக்கும் வேகத்தில் ஏறுகிறதா என்று பாருங்கள். பல கருவிகள் 60 என்று போட்டுக்கொண்டு இன்னொரு கார் வந்து சொருகியதும் பாதியாகிவிடும், அதையும் குறியுங்கள். உதவி எண்ணுக்கு இரவு பத்து மணிக்கு ஒரு தடவை அழைத்துப் பாருங்கள். எந்தத் தொலைபேசி நிறுவனத்தின் அலைவரிசை கிடைத்தது என்பதையும் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே தேதியைப் போடுங்கள். தேதி இல்லாத தகவலுக்கு இந்த விஷயத்தில் மதிப்பே கிடையாது. பக்கத்துக் கடைக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசாமல் திரும்பாதீர்கள்.

இதை மூன்று மாதத்துக்கு ஒரு முறை நாலு தடவை செய்தால், கலிபோர்னியா ஆய்வாளர்கள் ஒரு முறை செய்ததைவிட ஒரு படி மேல் ஆகிவிடும். அந்தப் பட்டியலை எரிசக்தி ஆணையத்துக்கும், மாநில அரசுக்கும், நம் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் அனுப்பலாம். வெறுங்கையோடு போய் ‘எங்கள் பக்கம் நிலையம் வேண்டும்’ என்று கேட்பதற்கும், இந்தத் தேதியில், இந்த இடத்தில், இத்தனை முனைகளில் இத்தனை வேலை செய்யவில்லை என்று தாளை மேசைமேல் வைப்பதற்கும் நிறைய வேறுபாடு உண்டு. பேரவையில் மின்பொறியியல் மாணவர்கள் மட்டும்தான் இதைச் செய்ய வேண்டும் என்பதில்லை. தமிழியல் மாணவர்கள் வந்தால், ‘மின்னூட்டு நிலையம்’ என்ற சொல்லை ஊர்க்காரர்கள் புரிந்துகொள்கிறார்களா என்றும் சோதித்துக்கொள்ளலாம்.

அதுவரை மின்சாரக் காரில் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு என் வழக்கத்தைச் சொல்கிறேன். கிழக்கே திரும்பும் முன் நெடுஞ்சாலைப் பக்கமே 80 விழுக்காடு ஏற்றிவிடுவேன். திட்டத்தில் எப்போதும் இரண்டு நிலையங்கள் இருக்கும். முதலாவது செத்திருந்தால் இரண்டாவதை எட்டும் அளவுக்கு மின்சாரத்தோடுதான் முதலாவதுக்குப் போவேன். ‘தயார்’ என்ற பச்சை நிறத்தை நம்புவதில்லை. அங்கே கடைசியாக யார் எப்போது ஏற்றினார்கள் என்று செயலி காட்டினால் அதைப் பார்ப்பேன். இன்று காலை ஒருவர் ஏற்றியிருந்தால் போகலாம். தீபாவளி, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாளுக்கு முந்திய இரவுகளில் ஓய்விடத்தில் ஒரு மணி நேரத்தைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வேன். சித்தப்பா மகன் வீட்டுப் பிளக் இன்னும் அப்படியே இருக்கிறது. தங்கை திருமணத்துக்கு இன்னொரு பிளக்கும் போட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டாரிடம் இரண்டு மின்சாரக் கார்கள் இருக்கின்றனவாம்.